இஸ்தான்புல்லில் ஆறு நாட்களும் பதினெட்டு நூலுருண்டைகளும்

மே மாதத்தின் கடைசி வாரத்தில், திருப்பூர் வெயிலுக்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது, நானும் அம்மாவும் இஸ்தான்புல்லுக்குப் போய் ஆறு நாட்கள் தங்கிவிட்டு வந்தோம். அம்மாவுக்கு 64 வயது. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதலாக, அவர் கையில் குரோஷா ஊசி இல்லாத மாலைப்பொழுதுகள் மிகக் குறைவு. தொலைக்காட்சிப் பெட்டிக்கு உறை, வாசலுக்குத் தோரணம், என் பட்டுப்பாவாடைகளின் ஓரத்துக்கு லேஸ் என்று எங்கள் வீட்டில் அவர் பின்னாத பொருள் இல்லை. பயணத்துக்கு ஊரைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். கடையில் வாங்கும் நூலுருண்டைகளின் சீட்டில் துருக்கியில் தயாரானது என்ற வரியைப் பல ஆண்டுகளாகப் படித்துவந்தவர், அந்த நூல் விற்கும் கடைவீதியை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு பனியன் கம்பெனியில் சாயமிட்ட துணிகளின் ஷேடு பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஆகவே நூலும் நிறமும் எங்கள் இருவருக்கும் பொதுவான பேச்சு.

குன்னூரில் இருக்கும் சித்திக்கு ஒரு சால்வை பின்ன நல்ல சிவப்பு நூல் வாங்க வேண்டும் என்பது அம்மாவின் முதல் திட்டம். வந்து இறங்கிய மறுநாளே கடைக்குப் போய்விடலாம் என்றார். நான்தான் தடுத்தேன். ஊரைப் பார்த்து முடித்த பிறகு கடைசியில் வாங்கினால் சுமை குறையும் என்ற எளிய கணக்குதான் அப்போது என் மனத்தில் இருந்தது. ஆனால் அந்த வரிசை, நாங்கள் எந்தச் சிவப்பை வாங்கினோம் என்பதையே மாற்றிவிட்டது.

முதல் நாள் அயா சோஃபியா. பேரரசர் ஜஸ்டினியன் 532-இல் தொடங்கி 537-இல் கட்டி முடித்த அந்தப் பேராலயம், 1453-இல் மசூதியாகி, 1930-களில் அருங்காட்சியகமாகி, 2020-இல் மறுபடியும் மசூதியாகியிருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகள் இப்போது கட்டணம் செலுத்தி மேல்மாடத்துக்கு மட்டும் போகலாம். ஏறத்தாழ 31 மீட்டர் குறுக்களவு கொண்ட அந்தக் குவிமாடம், அடிப்பகுதியைச் சுற்றி வரிசையாக இருக்கும் சாளரங்களின் வெளிச்சத்தில், சுவரைத் தொடாமல் நிற்பதுபோலத் தோன்றுகிறது. அம்மா நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, பிறகு கைப்பிடிச் சுவருக்கு அருகில் வந்து கீழே விரித்திருந்த பச்சை நீலக் கம்பளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அருகில் நின்ற வயதான துருக்கியப் பெண்மணி ஒருவரின் தலைத்துணி ஓரத்தில், நெல்மணி அளவிலான சின்னஞ்சிறு நூற்பூக்கள் வரிசையாகப் பின்னப்பட்டிருந்தன. அம்மா தம் முந்தானையைத் தூக்கி, தாமே பின்னிச் சேர்த்திருந்த ஓரத்தைக் காட்டினார். அந்தப் பெண்மணி அதை விரல்களால் தடவிப் பார்த்து, தலையை ஆட்டி, தம் தலைத்துணியின் ஓரத்தை அம்மாவின் கையில் கொடுத்தார். ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லாத இருவர் ஐந்து நிமிடம் அப்படியே நின்றார்கள்.

அந்த ஓரப் பின்னலுக்கு ஓயா என்று பெயர். தையல் ஊசியாலும் குரோஷா ஊசியாலும் இரண்டு விதமாகவும் செய்கிறார்கள். வாயால் சொல்ல முடியாததைப் பெண்கள் ஓயாவால் சொல்வார்கள் என்றும், தலைத்துணி ஓரத்தில் சிவப்பு மிளகாயைப் பின்னிக்கொண்டால் கணவனோடு மனத்தாங்கல் என்று பொருள் என்றும் அங்கே சொல்வதுண்டு. அம்மாவுக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்துப்போயிற்று. அன்று மாலை தேநீர்க் கடையில் உட்கார்ந்தபோதே, பையிலிருந்த மிச்ச நூலை எடுத்து ஒரு மிளகாயைப் பின்னிப் பார்த்தார்.

அதே நாளில் பார்த்த நிலத்தடி நீர்த்தொட்டியைப் பற்றி ஒரு வரி சொன்னால் போதும். 336 தூண்கள், மங்கலான வெளிச்சம், பின்பகுதியில் ஒன்று பக்கவாட்டாகவும் மற்றொன்று தலைகீழாகவும் தூணுக்கு அடியில் வைக்கப்பட்ட, கிரேக்கப் புராணத்துப் பாம்புக் கூந்தல்காரி மெதூசாவின் இரண்டு கல் தலைகள். வெளியே கூட்டம் எவ்வளவு இருந்தாலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது இரண்டாம் நாளைப் பற்றி. சுல்தானஹ்மத் சதுக்கத்தில், ஆறு மினார்கள் கொண்ட நீல மசூதிக்கு எதிர்ப்புறத்தில், துருக்கிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. சுல்தான் சுலைமானின் முதலமைச்சராக இருந்த இப்ராஹிம் பாஷாவின் மாளிகைதான் அந்தக் கட்டடம். நீல மசூதிக்கு நிற்கும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கூட அங்கே இல்லை. கம்பளக் கூடங்களில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள், சாயம் வெளுக்காமல் இருப்பதற்காக. கொன்யா நகரத்து அலாவுத்தீன் மசூதியிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்துவரப்பட்ட செல்ஜூக் காலத்துக் கம்பளங்கள் அங்கே தொங்குகின்றன. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று மதிப்பிடப்படும் அவை, உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய முடிச்சுக் கம்பளங்களின் வரிசையில் வைத்துப் பேசப்படுபவை. சில இடங்களில் நைந்து, பாவு நூல் மட்டும் எலும்புபோலத் தெரிகிறது. பாவும் கம்பளி, ஊடையும் கம்பளி, முடிச்சும் கம்பளி.

என் வேலையில் நான் நாள்தோறும் சிவப்பைப் பார்க்கிறேன். வெளிச்சப் பெட்டிக்குள் துணித்துண்டை வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒருமுறையும் கடை விளக்கில் ஒருமுறையும் பார்த்து, கேட்டவர் கேட்ட சிவப்பா என்று முடிவு சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தோடு பார்த்ததால்தான், அந்தக் கம்பளத்தில் இருப்பது ஒரு சிவப்பு அல்ல, இரண்டு என்று தெரிந்தது. அடர்ந்த சிவப்புத் தரையின்மேல் கொஞ்சம் வெளிர்ந்த சிவப்பில் உருவங்கள். பக்கத்துக் கம்பளத்தில் கருநீலத்தின்மேல் இளநீலம். எதிர் நிறத்தை வைத்து எடுத்துக்காட்டாமல், ஒரே நிறத்தின் இரண்டு படிகளை அடுத்தடுத்து வைத்து நெய்திருக்கிறார்கள். ஓரப்பட்டையில் மட்டும், எழுத்துபோல் நிமிர்ந்து நிற்கும் பெரிய வடிவங்கள்.

அம்மா கண்ணாடிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "கண்ணு, இது பழைய சாயவேர்ச் செவப்பாட்டம் இருக்குது" என்றார். அம்மாவின் பாட்டியிடம் அப்படி ஒரு சேலை இருந்ததாம். அம்மா சொன்னது வெறும் சாயல் அல்ல. துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவில் கம்பளிக்குச் சிவப்பேற்றப் பயன்பட்டது ஒரு செடியின் வேர். துருக்கியில் அதைக் கோக்போயா என்கிறார்கள். கோக் என்றால் வேர், போயா என்றால் சாயம். சோழமண்டலக் கரையிலும் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளிலும் தோண்டியெடுக்கப்பட்ட நம்முடைய சாயவேர் வேறொரு செடி. ஆனாலும் இரண்டு வேர்களிலும் நிறத்தைத் தருவது அலிசரின் என்ற ஒரே பொருள். படிகாரம் போட்டு நிறத்தைப் பிடிக்கவைக்கும் முறையும் இரண்டு ஊர்களுக்கும் பொது. கம்பளியில் ஏறினால் கொன்யாவின் சிவப்பு, பருத்தியில் ஏறினால் நம் பாட்டிகளின் சிவப்பு. தொடர்பே இல்லாத இரண்டு நாடுகள், தாமாகவே வேரையும் சாயத்தையும் சேர்த்து ஒரே பெயரை வைத்திருக்கின்றன என்பது எனக்கு அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தது.

இந்த வேர்களின் கதை முடிந்ததும் ஒரே காரணத்தால்தான். 1868-இல் ஜெர்மனியில் கிரேப, லீபர்மன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் அலிசரினைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் வேர்ச்சாயப் பயிர் விலைபோகாமல் அழிந்தது. துருக்கியில் 1981-இல் தொடங்கிய டோபாக் என்ற திட்டம், கிராமத்துப் பெண்களின் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக இயற்கைச் சாயத்தை மறுபடியும் கம்பளத்துக்குக் கொண்டுவந்தது. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே அருங்காட்சியகத்தின் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது, சித்தியின் சால்வைக்கு நாங்கள் ஊரில் பேசிவைத்திருந்த பளிச்சென்ற குங்குமச் சிவப்பு வேண்டாம், செங்கல் பக்கம் சாய்ந்த இந்தச் சிவப்புதான் வேண்டும் என்று இருவரும் ஒரே சமயத்தில் முடிவுக்கு வந்தோம்.

மூன்றாம் நாள் கடல். எமினோனு துறையிலிருந்து கப்பலேறினால் இருபது நிமிடத்தில் ஆசியக் கரையில் இருக்கும் காடிகோய் வந்துவிடுகிறது. எள் தூவிய சிமித் ரொட்டியைப் பயணிகள் பிய்த்து வீச, கடற்காக்கைகள் பறந்தபடியே கவ்விக்கொள்கின்றன. தேநீரை இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில் தருகிறார்கள். அம்மா போகும்போதும் வரும்போதும் மேல்தளத்தில் உட்கார்ந்து பின்னினார். நகரத்தைப் பார்ப்பதற்கு அந்தக் கப்பலைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை: ஒரு பக்கம் 1348-இல் ஜெனோவா வணிகர்கள் எழுப்பிய கலாத்தா கோபுரம், மறுபக்கம் மலையுச்சியில் சுலைமானியே மசூதி, இடையில் பாலத்தின் நீளத்துக்கும் தூண்டில் போட்டு நிற்கும் மனிதர்கள்.

சனிக்கிழமை காலையில் கடைவீதிக்குப் புறப்பட்டோம். பெரிய சந்தை என்று எல்லாரும் சொல்லும் கூரைச் சந்தைக்குள் முதலில் நுழைந்தோம். 1453-க்குப் பிறகு சுல்தான் இரண்டாம் மெஹ்மத் தொடங்கிவைத்த சந்தை அது; முதலில் எழுந்த கடைகளின் வாடகை அயா சோஃபியாவின் செலவுக்கு என்று எழுதிவைக்கப்பட்டிருந்தது. நம் கோயில்களுக்குக் கட்டளை எழுதிவைத்ததைப் போன்ற ஏற்பாடு. அறுபதுக்கும் மேற்பட்ட தெருக்கள், ஆயிரக்கணக்கான கடைகள். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் பின்னல் நூல் வாங்க விரும்புகிறவர்கள் அங்கே அரை மணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. அங்கே இருப்பது கம்பளமும் நகையும் விளக்கும். நூல் இருப்பது அதன் பின்வாசலுக்கு அப்பால்.

பின்வாசலிலிருந்து கடலை நோக்கிச் சரிவாக இறங்கும் தெருவுக்கு மஹ்முத்பாஷா என்று பெயர். சுற்றுலாப் பயணிகளைவிட உள்ளூர்க் குடும்பங்களே அங்கே மிகுதி. கல்யாணத் துணி, குழந்தைகளுக்கான விருத்தசேதனச் சடங்கு உடை, போர்வை, உள்ளாடை என்று ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் இடம். எங்கள் ஊர் காதர்பேட்டையில் நடப்பதுபோலத் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அந்தச் சரிவில் இருக்கிறது கியூர்க்ச்சு ஹான்.

ஹான் என்பது வணிகர்களுக்கான சத்திரம். நடுவில் முற்றம், சுற்றிலும் இரண்டு அடுக்கு அறைகள், கீழே சரக்கும் பொதி சுமந்த விலங்குகளும், மேலே வணிகர்களும் தங்குவார்கள். இந்த ஹானை 15-ஆம் நூற்றாண்டில் கட்டியவர் இரண்டாம் மெஹ்மதின் முதலமைச்சர் மஹ்முத் பாஷா. தெருவின் பெயரும் அவருடையதே. கியூர்க்ச்சு என்றால் மென்மயிர்த் தோல் வணிகர். தோல் வணிகம் போய், இன்று முற்றத்திலும் மாடத்திலும் நூல் கடைகள் நிறைந்திருக்கின்றன. வளைவுகளுக்குக் கீழே தரையிலிருந்து விதானம் வரை நிறம் நிறமாக அடுக்கிய பொட்டலங்கள். அம்மா வாசலில் நின்று ஒரு நிமிடம் எதுவும் பேசவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

ஊரில் எழுதிக்கொண்டுவந்த சொற்கள் இங்கே கைகொடுத்தன. யூன் என்றால் கம்பளி, பமுக் என்றால் பருத்தி, திஃப்திக் என்றால் மொஹேர் என்னும் ஆட்டு மயிர் நூல், தி என்றால் குரோஷா ஊசி. பின்னல் ஊசிக்கு ஷிஷ் என்றே பெயர். இறைச்சி சுடும் கம்பிக்கும் அதே சொல்தான். உருண்டையாக்காமல் வளையமாகச் சுற்றிய நூலான சிட்டத்துக்குச் சிலே என்று பெயர், அந்தச் சொல்லுக்குத் துன்பம் என்றும் பொருள் உண்டு. சிக்கு விழுந்த சிட்டத்தைப் பிரித்துச் சுற்றியவர்கள் எவரும் இந்தப் பொருத்தத்தை மறுக்கமாட்டார்கள். வேலையில் இருப்பவரைக் கடந்து போகும்போது கோலாய் கெல்சின், அதாவது உங்கள் வேலை இலகுவாக நடக்கட்டும், என்று வாழ்த்துவது அங்கே வழக்கம். அம்மா இதை நன்றாகப் பழகிக்கொண்டு ஒவ்வொரு கடை வாசலிலும் சொன்னார்; சொன்ன இடமெல்லாம் முகம் மலர்ந்தது.

மாடத்துக் கடையொன்றில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் காலுறை பின்னிக்கொண்டே வியாபாரம் பார்த்தார். அவர் நூலைக் கையில் சுற்றிக்கொள்ளவில்லை. உருண்டையிலிருந்து வரும் நூல் கழுத்துக்குப் பின்னால் சுற்றி முன்னே வந்தது. இடது கட்டைவிரல் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒருமுறை நூலைத் தட்டிக் கொடுத்தது. நூலின் இழுவிசையைக் கழுத்தே பார்த்துக்கொள்வதால் விரல்களுக்கு வேலை மிகக் குறைவு. மணிக்கட்டு வலியால் இரண்டு ஆண்டுகளாக நிட்டிங்கை விட்டுவிட்டுக் குரோஷாவோடு நிறுத்திக்கொண்ட அம்மா, அதைப் பார்த்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண்மணி ஊசியை அம்மாவிடம் கொடுத்து, நூலைத் தாமே எடுத்து அம்மாவின் கழுத்தைச் சுற்றிப் போட்டார். "இத்தன வருசமா இது தெரியாமப் போச்சே கண்ணு" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொன்னபோது, அவர் ஏற்கெனவே இரண்டு வரி முடித்திருந்தார்.

நூல் வாங்கும்போது நாங்கள் பின்பற்றியது அம்மாவின் கணக்கு: எடையைப் பார்க்காதே, மீட்டரைப் பார். 100 கிராம் உருண்டை ஒன்றில் 240 மீட்டரும் இருக்கலாம், 100 மீட்டரும் இருக்கலாம். சால்வைக்கு நாங்கள் எடுத்தது கம்பளி 49 விழுக்காடு, அக்ரிலிக் 51 விழுக்காடு கலந்த 240 மீட்டர் நூல். தூய கம்பளியைச் சித்தி வாஷிங் மெஷினில் போட்டுவிட்டால் சுருங்கிக் கெட்டியாகிவிடும் என்பதால் கலப்பே மேல் என்றார் அம்மா. எங்கள் வெப்பத்துக்கு ஏற்றதாக, குழந்தைகளுக்குப் பொம்மை பின்னப் பருத்தி 55 விழுக்காடு கொண்ட 50 கிராம் உருண்டைகள் பத்து. அங்காரா ஆட்டின் மயிரான மொஹேரில் இரண்டே உருண்டைகள். அங்காரா நகரத்தின் பழைய பெயரான அங்கோராதான் அந்த ஆட்டுக்கு உலகமெங்கும் பெயராகியிருக்கிறது. ஆனால் இன்று உலகின் மொஹேரில் பாதிக்கு மேல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. சீட்டில் மொஹேர் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், பின்பக்கம் திருப்பிக் கலப்பு விகிதத்தைப் படித்த பிறகே வாங்க வேண்டும்; பலவற்றில் பெரும்பங்கு அக்ரிலிக்தான்.

சிவப்புக்காக மட்டும் ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைக்குள் இருந்த வெள்ளை விளக்கில் பொருத்தமாகத் தெரிந்த மூன்று சிவப்புகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோனேன். ஒன்று ஊதாப் பக்கம் போயிற்று, ஒன்று ஆரஞ்சுப் பக்கம். மூன்றாவது மட்டும் அருங்காட்சியகத்தில் பார்த்த செங்கல் சிவப்பாகவே நின்றது. ஐந்து உருண்டைகள் கொண்ட மூடிய பொட்டலம் ஒன்றும், போதாமல் போய்விடக்கூடாது என்று தனி உருண்டை ஒன்றும் எடுத்தோம்.

இரவு அறையில் பெட்டி கட்டும்போதுதான் அந்தத் தனி உருண்டையின் சீட்டைப் பார்த்தேன். நிற எண் ஒன்றுதான், ஆனால் எந்தத் தடவை சாயத் தொட்டியில் முக்கிய நூல் என்பதைக் காட்டும் லாட் எண் வேறு. ஜன்னலோரத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு படி வெளிர்ந்திருந்தது. லாட் எண் பார்க்காமல் ஒரு கோன் நூலைக்கூட உள்ளே எடுக்காத கம்பெனியில் வேலை பார்க்கும் நான், என் அம்மா பின்னப்போகும் நூலில் அதைக் கவனிக்கத் தவறிவிட்டேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பகுதிக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருந்தன. திங்கட்கிழமை விடியற்காலை எங்கள் விமானம். ஞாயிறு முழுவதும் கட்டடக் கலைஞர் சினான் 1550-களில் எழுப்பிய சுலைமானியே மசூதியின் முற்றத்திலிருந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதும் எனக்கு அதே நினைவுதான். அம்மா மட்டும், "விடு கண்ணு, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கழுத்தில் நூலைச் சுற்றிப் பழகிக்கொண்டிருந்தார்.

பதினெட்டு உருண்டைகளும் காற்றை எடுத்த பையில் அடங்கி ஊர் வந்து சேர்ந்தன. சால்வை போன வாரம் முடிந்தது. நடுப்பகுதி முழுவதையும் ஐந்து உருண்டைகளில் பின்னிவிட்டு, நான்கு ஓரத்துக்கும் அந்த ஆறாவது உருண்டையை எடுத்தார் அம்மா. அடர்ந்த சிவப்புக்கு அடுத்து, ஒரு படி வெளிர்ந்த சிவப்பில், நான்கு விரற்கடை அகலத்தில் ஒரு பட்டை. அதன் நுனியில் வரிசையாக நெல்மணிப் பூக்கள். சித்திக்கு அனுப்புவதற்கு முன்னால் மொட்டைமாடி வெயிலில் விரித்துப் பார்த்தோம். கொன்யாக் கம்பளத்தில் இருந்த இரண்டு சிவப்புகள் அப்படியே இருந்தன.